உங்க பேரு போவப் போவுதுங்க

முன்பின் தெரியாதவரிடம் போனில் பேசும்போது அந்த அக்கா எழுந்து நின்றுகொள்வார். உட்கார்ந்தபடி பேசி நான் பார்த்ததில்லை. இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எதிரே ஆள் நிற்பதுபோல் லேசாகத் தலையசைத்து, "வணக்கங்க, உத்திரமேரூர்லேர்ந்து பேசறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. உங்க பேரு போவப் போவுதுங்க. இன்னும் பதினெட்டு நாள்தான் கீது" என்பார்.

பாதிப் பேர் அந்த இடத்திலேயே வைத்துவிடுவார்கள். மீதிப் பேரிடம் அவசரமாக, "பணம் எதுவும் கேக்கலைங்க, ஓடிபியும் கேக்க மாட்டேன்" என்று சேர்த்துக்கொள்வார். அதைக் கேட்டதும் அவர்களும் வைத்துவிடுவார்கள். அக்கா போனைக் கீழே வைத்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு கோடு போட்டுவிட்டு, ஆறிப்போன டீயைக் குடிப்பார். மறுநாள் அதே ஆளை மறுபடி அழைப்பார்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் அவருடைய அறை. அதில் பாதியை வாடகைக்கு எடுத்து நான் ஃப்ளெக்ஸ் டிசைன் செய்துகொண்டிருந்தேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் பக்கம். அவர் பக்கம் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு செல்போன், காலண்டர் தாள்கள். ஒரு காலத்தில் கீழே எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாராம். பிறகு அது பிரவுசிங் சென்டர் ஆகி, அதுவும் போய், இந்த வேலைக்கு வந்திருந்தார். ஆனாலும் கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் பூத்தக்காதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இப்போது மகளோடு ஓசூரில் இருக்கிறார். அந்த அறையில் செல்போன் கவர் விற்கிறார்கள்.

அவர் செய்த வேலையை ஊரில் யாருக்கும் விளக்க முடியாது. எனக்கே புரிய ஒரு மாதம் ஆனது. இணையதளத்தின் பெயரை யாரும் ஒரேயடியாக விலைக்கு வாங்கிவிட முடியாது. வருடா வருடம் கட்டணம் கட்டினால்தான் அது நம்முடையது. கட்டாமல் விட்டால் உடனே போய்விடாது. ஏறக்குறைய ஒரு மாதம் வரை வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பித்துக்கொள்ளலாம். அதையும் விட்டால் இன்னொரு மாதம் அபராதத்தோடு மீட்கலாம். அதற்குப் பிறகு ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் யாராலும் எதுவும் செய்ய முடியாது, பழைய உரிமையாளரே வந்து அழுதாலும் நடக்காது. அது முடிந்ததும் பெயர் அவிழ்த்துவிடப்படும். முதலில் பிடிப்பவருக்கு அது சொந்தம்.

மனிதக் கையால் அதைப் பிடிக்க முடியாது. அதற்கென்று கம்பெனிகள் இருக்கின்றன. எனக்கு இந்தப் பெயர் வேண்டும் என்று முன்கூட்டியே அவர்களிடம் சொல்லி வைத்தால், அவிழும் நொடியில் அவர்களுடைய இயந்திரங்கள் இடைவிடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். எந்தக் கம்பெனியின் தட்டு முதலில் விழுகிறதோ அவர்களுக்குப் பெயர். ஒரே கம்பெனியிடம் இரண்டு பேர் சொல்லி வைத்திருந்தால் அவர்களுக்குள் ஏலம். கிடைக்காவிட்டால் காசு இல்லை. இப்படிச் சொல்லி வைப்பதுதான் அக்காவின் தொழில். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெயர் தேடுகிறவர்கள் அவரிடம் பட்டியல் தருவார்கள். எது எப்போது காலாவதியாகிறது, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தினமும் காலையில் பார்த்து, நாள் பிசகாமல் சொல்லி வைப்பார்.

இதில் எங்கேயும் பழைய உரிமையாளருக்குப் போன் செய்யும் வேலை கிடையாது. அது அக்கா தானாகச் சேர்த்துக்கொண்டது. இரண்டு முறை போன், பதில் இல்லையென்றால் ஒரு மின்னஞ்சல், அதற்கும் இல்லையென்றால் ஒரு ரிஜிஸ்டர் தபால். அத்தனையும் முடிந்த பிறகுதான் வாடிக்கையாளருக்காகச் சொல்லி வைப்பார்.

இப்போதெல்லாம் உரிமையாளரின் பெயரையும் எண்ணையும் மறைத்துவிடுகிறார்கள். அக்கா அந்த இணையதளத்தின் பழைய பக்கங்களைத் தோண்டி முகவரி எடுப்பார். சிவகாசியில் ஒரு அச்சகத்துக்காரரைப் பிடிக்க, அதே தெருவில் இருந்த டீக்கடையின் எண்ணைக் கண்டுபிடித்து, டீ மாஸ்டரை அனுப்பி அவரைக் கூப்பிடவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அச்சகத்துக்காரர் அன்றே பணம் கட்டிப் பெயரைப் புதுப்பித்துக்கொண்டார். அக்காவுக்கு அந்த வேலையில் ஒன்றும் கிடைக்கவில்லை.

வந்தவாசிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபக்காரர் போனை எடுக்கவே இல்லை. ரிஜிஸ்டர் தபால் போனதும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக மாடியேறி வந்துவிட்டார். எங்கள் மண்டபத்தை மூடப் போகிறேன் என்று எழுதிய பொம்பளை யார் என்று கேட்டார். அக்கா அவரை உட்காரவைத்து, மண்டபம் இல்லை, இணையதளத்தின் பெயர் என்று திரையில் காட்டினார். அதைப் பதிவு செய்து கொடுத்த அண்ணன் மகன் சிங்கப்பூருக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. பணம் கட்டச்சொல்லி வந்த நினைவூட்டல்களெல்லாம் அவன் எப்போதோ மறந்த ஒரு மின்னஞ்சலில் குவிந்து கிடந்தன. மண்டபக்காரர் அங்கேயே பணம் கட்டினார், நன்றி சொல்லாமல் இறங்கிப் போனார். ஆனால் அதற்குப் பிறகு முகூர்த்த நாட்களில் பஸ் கண்டக்டரிடம் ஒரு தூக்குப் பாயசம் கொடுத்தனுப்புவார். நாங்கள் காலண்டர் பார்க்காமலே முகூர்த்தம் தெரிந்துகொண்டோம்.

"உனக்கு இன்னாக்கா வந்துது? அவங்களா மறந்து வுட்டாங்க. நீ எதுக்கு எழுப்பி வுடுற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரிஞ்சி வுட்டா அது வேற. தெரியாம வுட்டா அது வேற" என்றார்.

காரணத்தை ஒரு மின்வெட்டு மதியத்தில் சொன்னார். கம்ப்யூட்டர் அணைந்து, இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் யாருக்கும் போன் செய்யும் பழக்கம் அவருக்கு இல்லையாம். அப்போது திருநெல்வேலிப் பக்கம் ஒருவருடைய பெயரைப் பிடித்திருக்கிறார். வீட்டிலிருந்து பத்திரங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கும் மனிதர். பெயர் வாடிக்கையாளர் கைக்குப் போகும்வரை சில வாரங்கள் அக்காவிடமே இருந்தது. ஒரு பெயர் கைமாறினால் அந்தப் பெயரில் முடியும் முகவரிக்கு வரும் மின்னஞ்சல்களும் புதியவரிடம்தான் வரும். அது அக்காவுக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒருநாள் தற்செயலாக அந்த மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்தால், வெளிநாட்டிலிருந்து அந்த மனிதரின் மகள் எழுதியிருக்கிறாள். இருபதாம் தேதி சென்னைக்கு வருகிறேன் அப்பா, ஒரே ஒரு நாள் இருப்பேன், நீங்கள் வரச்சொன்னால் ஊருக்கு வருகிறேன், பதில் இல்லையென்றால் கோபம் இன்னும் தீரவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன் என்று. அக்கா அதைப் படித்த அன்று தேதி இருபத்தாறு.

எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து அவரிடம் படித்துக் காட்டியிருக்கிறார். அந்த மனிதர் திட்டவில்லை. "இது என்னைக்கும்மா வந்துச்சு?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அக்கா உள்ள தேதியைச் சொல்லியிருக்கிறார். பிறகு வாடிக்கையாளரின் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெயரை அந்த மனிதருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். மகளின் முகவரிக்கு நடந்ததை எழுதியும் போட்டாராம். பதில் வரவில்லை.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் வந்துவிட்டது. அக்கா எழுந்து போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். நான் அதற்குப் பிறகு அவருடைய போன்களைப் பற்றிக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன், அந்த ஒருமுறையைத் தவிர.

சென்னைக்காரர் ஒருவர் அக்காவின் பெரிய வாடிக்கையாளர். ஆன்லைன் ரம்மி மாதிரியான தளங்களுக்குப் பழைய பெயர்களாகப் பிடித்துத் தருபவர். பல வருடம் நல்லபடியாக இருந்த பெயருக்கு ஒரு மதிப்பு உண்டு. கல்லூரிகளும் மருத்துவமனைகளும் தங்கள் பக்கங்களில் அதைக் குறிப்பிட்டிருக்கும், மக்கள் பழக்கத்தில் அதைத் தேடி வருவார்கள். வருகிறவர்களை அப்படியே சூதாட்டத்துக்குத் திருப்பிவிடலாம். அவர் அனுப்பிய ஒரு பட்டியலில், ரத்தம் என்ற சொல்லும் செய்யாற்றின் பெயரும் சேர்ந்த ஒரு பெயர் இருந்தது.

எங்கள் பக்கத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த பெயர். பக்கத்தில் பெருநகர் என்ற ஊரைச் சேர்ந்த ஒருவர் நடத்திய ரத்த தானப் பட்டியல். எந்த ஊரில் யார், என்ன வகை ரத்தம், என்ன போன் நம்பர் என்று எல்லாம் அதில் இருக்கும். மானாம்பதி தண்ணீர்த் தொட்டியில், பஸ் நிழற்குடைகளில், பம்புசெட் சுவர்களில் அவரே சிவப்புப் பெயின்ட்டால் அந்தப் பெயரை எழுதி வைத்திருந்தார். அதுதான் காலாவதியாகி, அபராதத்தோடு மீட்கும் கட்டத்துக்கு வந்திருந்தது.

அக்கா இரண்டு முறை போன் செய்தார், அவர் எடுக்கவில்லை. மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. பெருநகர்தானே என்று தபால் போடாமல் நேரில் போகக் கிளம்பினார். அன்று எனக்கு வேலை இல்லாததால் என் வண்டியிலேயே கூட்டிப் போனேன்.

அவர் வீட்டுக்கு எதிரே களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நாற்பது வயதுக்காரர். காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே நாங்கள் சொன்னதைக் கேட்டார். அக்கா வழக்கம்போல் எல்லாவற்றையும் சொன்னார். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, அதற்குள் கட்டினால் மீட்கலாம், கட்டத் தெரியாவிட்டால் நானே கட்டித் தருகிறேன், அதற்கு எனக்கு எதுவும் வேண்டாம்.

"தெரியும்மா. மெயில் எல்லாம் வந்துது. தெரிஞ்சிதான் வுட்டேன்" என்றார் அவர்.

பிறகு அவராகவே சொன்னார். போன ஐப்பசியில் அவர் தம்பி வந்தவாசி ரோட்டில் லாரியில் அடிபட்டான். பட்டியலில் அவன் வகையில் பதினோரு பேர் இருந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு பதினோரு பேருக்கும் போட்டார். சிலர் எடுக்கவில்லை, சிலர் ஊரில் இல்லை, ஒருவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. தம்பி பிழைக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் நான் போன் பண்ணிக் குடுத்தேன். ஏழு வருசம். என் தம்பிக்கு ஒருத்தன் வரல. போவட்டும்மா அந்தப் பேரு" என்றார். குரல் உயரவில்லை. கால் மட்டும் நெல்லைத் துழாவிக்கொண்டே இருந்தது.

இல்லைங்க, நல்ல காரியம், விடாதீங்க என்றெல்லாம் நான் தொடங்கியதை அக்கா கையால் தடுத்தார். அவருடைய மனைவி கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

வழியெல்லாம் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சென்னைக்காரர், இந்தப் பெயர் கிடைத்தால் பேனர், விளம்பரப் படங்கள் எல்லாவற்றையும் எனக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். ஆறு மாதத்துக்கான வேலை. உரிமையாளர் தெரிந்தே விடுகிறார், அக்காவின் சட்டப்படியே இது சரிதான் என்று நான் கணக்குப் போட்டேன்.

மறுநாள் காலையில் அக்கா சென்னைக்காரருக்குப் போன் செய்தார். நின்றுகொண்டுதான். "சார், அந்த ரத்தம் பேரை உங்களுக்காகப் போடல. எனக்கே போட்டுக்கிறேன். நீங்க வேற ஆளை வெச்சுப் போடறதுன்னா போட்டுக்கோங்க. சொல்லாம பண்ணக் கூடாதுன்னு சொல்றேன்" என்றார். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. வெகுநேரம் பேசினார். கடைசியில் தான் தந்த பெயர்ப் பட்டியல் முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்பது மட்டும் தெரிந்தது.

நான்தான் கத்தினேன். அவர் தெரிந்துதானே விட்டார், நீதானே தெரிஞ்சி வுட்டா வேற என்று சொன்னாய் என்றேன்.

"அவருக்குத் தெரியும். செவுத்துல பேரைப் பாத்துட்டு போன்ல அடிக்கிறவனுக்குத் தெரியாதே" என்றார் அக்கா.

இரண்டு வாரம் நான் அவரோடு பேசவில்லை. ஒரே அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் மூன்று கம்பெனிகளில் சொல்லி வைத்தார். மூன்றாவது கம்பெனிக்கு அவர் அதுவரை போனதே இல்லை. சென்னைக்காரர் சும்மா இருக்க மாட்டார் என்று இருவருக்கும் தெரியும். மீட்கும் காலம் முடிந்து ஐந்து நாள் தொடங்கியது. அந்த ஐந்து நாளும் அக்கா கையில் ஒன்றும் இல்லை. தன் மேசையைத் துடைத்தார், என் மேசையைத் துடைத்தார், பழைய காலண்டர் தாள்களை வரிசைப்படுத்தினார். நாலாம் நாள் நானே வாயைத் திறந்து, டீ சொல்லட்டுமா என்று கேட்டேன்.

ஆறாம் நாள் காலை நான் படியேறும்போதே அவர் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். "வந்திச்சி" என்றார். அந்த மூன்றாவது கம்பெனி பிடித்திருந்தது.

அந்தப் பெயருக்கு ஒரு பக்கம் செய்து தரச் சொன்னார். நான் ரத்தத் துளி, இதயம், இரு கைகள் என்று ஃப்ளெக்ஸ் பாணியில் செய்து காட்டினேன். எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிட்டார். கடைசியில் நின்றது இரண்டே வரி. பட்டியல் இப்போது இல்லை, அரசு ரத்த வங்கியின் எண் இது. அதற்குக் கீழே, அதுவும் கிடைக்காவிட்டால் கூப்பிடுங்கள் என்று அக்காவின் எண். எதற்கு உன் எண், நீ என்ன செய்ய முடியும் என்றேன். தேடித் தர முடியும் என்றார்.

அழைப்புகள் வந்தன. அதிகம் இல்லை, வாரத்துக்கு இரண்டு மூன்று. அக்கா கல்லூரிகளுக்கும் ரசிகர் மன்றங்களுக்கும் போன் செய்து ஆள் பிடித்துக் கொடுப்பார். சில நேரம் கிடைத்தது, சில நேரம் கிடைக்கவில்லை.

மாசி மாதம் ஒரு காலை ஐயங்கார்குளத்திலிருந்து ஒருவர் பேசினார். ஏரிக்கரைக் குடியிருப்புக்காரர், கூலி வேலை. மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஓ நெகட்டிவ் வேண்டும், அந்த வகை அங்கே இருப்பில் இல்லை. பஸ் நிழற்குடையில் எழுதியிருந்த பெயரை யாரோ அவருக்குப் போனில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அக்கா நாலைந்து இடங்களுக்குப் பேசினார். யாரிடமும் இல்லை. நானும் என் போனை எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போட்டேன். ஒரு மணி நேரம் போய்விட்டது.

அக்கா எழுந்து நின்று பெருநகர்க்காரருக்குப் போட்டார். இந்தமுறை அவர் எடுத்தார். அக்கா தன்னை யார் என்று சொல்லி, நிலைமையை மூன்று வாக்கியத்தில் சொன்னார். உதவி செய்யுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. மறுமுனை துண்டிக்கப்பட்டது. அக்கா போனைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பத்து நிமிடம் இருக்கும். அவரே கூப்பிட்டார். பழைய கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கிப் போட்டிருக்கிறார். இரண்டு பேரின் எண் சொன்னார். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர் வாலாஜாபாத்தில் ஒர்க்ஷாப் வைத்திருப்பவர், கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிட்டார். பெருநகர்க்காரர் ஆஸ்பத்திரிக்கே போய் நின்றிருக்கிறார் என்பது சாயங்காலம்தான் எங்களுக்குத் தெரிந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அவர் மாடியேறி வந்தார். உட்கார்ந்து வெகுநேரம் என்னுடைய பேனர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பேரு இப்ப யாருகிட்ட கீது?" என்று கேட்டார்.

"எங்கிட்ட கீதுங்க. உங்களுதுதான்" என்றார் அக்கா.

உங்களிடமே இருக்கட்டும், பட்டியலை மட்டும் தருகிறேன் என்று அவர் சொன்னதற்கு அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. அங்கேயே பெயரை அவருக்கு மாற்றும் வேலையைத் தொடங்கினார். அவருடைய பெயர், முகவரி, அவர் தினமும் பார்க்கும் மின்னஞ்சல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினார். இன்னொரு எண்ணுக்கும் இடம் இருந்தது. உரிமையாளரிடமிருந்து பதில் இல்லையென்றால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்கும் இடம்.

"வூட்ல யாருதுனா சொல்லுங்க" என்றார் அக்கா.

"உங்களுதே போடுங்கம்மா. நான் மறுபடியும் வுட்டுட்டா நீங்கதான் வந்து சொல்லணும்" என்றார் அவர்.

அக்கா எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒன்பது இலக்கம் தட்டியதும் கை நின்றுவிட்டது. ஊரார் எண்ணெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த அவர் என் பக்கம் திரும்பி, "என் நம்பர் கடேசில இன்னாடா வரும்?" என்று கேட்டார். நான் சொன்னேன்.